படகு போன தடம்

பாக் விரிகுடாவின் அடியில் ஒரு பசும்புல் வெளி இருக்கிறது. இறாலும் நண்டும் அங்கே குஞ்சு வளர்க்கின்றன, ஆவுளியா என்னும் கடல் பசு அங்கே மேய்கிறது. அந்த வெளியைப் படகுகள் கிழிப்பதும், கிழிசலைத் தைக்க நடக்கும் முயற்சிகளும் பற்றிய சிறப்புக் கட்டுரை.

தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில், மனோரா கோபுரத்துக்கு எதிரே கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கிறது. காற்று அடங்கிய காலை நேரத்தில் தண்ணீர் தெளிந்திருந்தால் அடி தெரியும். தெரிவது மணல் அல்ல, பச்சை. பட்டை இலைச் செடிகளும் ஊசி இலைச் செடிகளும் நெருக்கமாக நின்று நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். இலைகளுக்கு நடுவே ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக மேயும். நீலக்கால் நண்டு உடலை மண்ணில் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். கடல் குதிரை ஒரு தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

அந்த வெளிக்குக் குறுக்கே ஒரு படகு வருகிறது. ஓட்டுபவர் ஆழத்தைத் தவறாகக் கணித்துவிட்டார், அல்லது சுற்றிப்போக நேரமில்லை. இயந்திரத்தின் புரொப்பல்லர் அடியைத் தொடுகிறது. தண்ணீர் சேறாகக் கலங்குகிறது. அறுந்த இலைகள் மேலே வந்து மிதக்கின்றன. படகு போய்விடுகிறது. கலங்கல் தெளிந்த பிறகு பச்சைக்கு நடுவே ஒரு நீளமான வெள்ளைக் கோடு தெரிகிறது. அங்கே இப்போது செடி இல்லை, வேர் இல்லை, வெறும் மணல் மட்டும் இருக்கிறது. படகு அந்த இடத்தைக் கடக்க எடுத்துக்கொண்டது சில நொடிகள். அந்தக் கோடு மறையப் பல ஆண்டுகள் ஆகும்.

பாசி அல்ல, பூக்கும் செடி

கடற்புல்லைப் பலரும் பாசி என்றே நினைக்கிறார்கள். கடலோர மக்கள் ‘தாழை’ என்று தனிப்பெயர் சொல்லி அதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ, காய், விதை எல்லாம் உண்டு. அதன் மகரந்தம் தண்ணீரில் மிதந்து போய்ச் சேர்கிறது. தரையில் வாழ்ந்த பூக்கும் தாவரங்களில் சில பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடலுக்குள் இறங்கின. இன்றைய கடற்புல் அவற்றின் வழிவந்தது. உலகம் முழுவதும் 60 முதல் 70 வகைகள் வரைதான் உள்ளன. இந்தியக் கடலில் இருக்கும் வகைகளில் பெரும்பாலானவை மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் வளர்கின்றன.

இந்தச் செடியின் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்குள் படுத்தவாறு ஓடும் மட்டநிலத் தண்டில் இருக்கிறது. தண்டு நீண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மேலே இலைக்கொத்தை அனுப்புகிறது. ஆமை கடித்தாலும் ஆவுளியா மேய்ந்தாலும் அலை அடித்தாலும் இலை மறுபடி தழைத்துவிடும். தண்டு அறுந்தால் அந்த இடத்துக்கு வேறோர் இடத்திலிருந்து தண்டு நீண்டு வர வேண்டும், அல்லது விதை விழுந்து முளைக்க வேண்டும். படகுகளால் வரும் சேதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. புயலிலிருந்து மீளும் புல்வெளி இரும்புக்கு முன் தோற்பது இதனால்தான்.

[பெட்டிச் செய்தி] எண்களில் கடற்புல்

கடலடிப் பரப்பில் கடற்புல் பிடித்திருப்பது 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் ஆண்டுதோறும் கடலடியில் புதைந்து தங்கும் கரிமத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு இந்த வெளிகளில் சேர்கிறது. 2009ல் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்றின்படி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பதிவாகியுள்ள கடற்புல் பரப்பில் 29 விழுக்காடு மறைந்துவிட்டது. 1980க்குப் பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 110 சதுர கிலோமீட்டர் அழிந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய செடி என்று அறியப்படுவதும் ஒரு கடற்புல்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் வளைகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருக்கும் வெளி முழுவதும் ஒரே செடியின் படர்ச்சி என்று 2022ல் மரபணு ஆய்வு காட்டியது. அதன் வயது சுமார் 4,500 ஆண்டுகள். மார்ச் 1 உலகக் கடற்புல் நாள். ஐ.நா. பொதுச்சபை 2022ல் இதை அறிவித்தது, அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு இலங்கை.

நான்கு வகைக் காயங்கள்

முதல் வகை புரொப்பல்லர் வெட்டு. ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போகும் படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் தாழும். அப்போது சுழலும் தகடு மண்ணைக் கிழித்து மட்டநிலத் தண்டை அறுத்துவிடுகிறது. தரைதட்டிய படகை இயந்திரத்தை முடுக்கியே வெளியே எடுக்கப் பார்த்தால் சேதம் பல மடங்காகும். ஒரே இடத்தில் சுழலும் புரொப்பல்லர் பெரிய குழியையே தோண்டிவிடும். குழிக்குள் நீரோட்டம் சுழன்று ஓரங்களை அரிக்கிறது. ஓரத்துச் செடிகளின் வேர் வெளியே தெரிகிறது, அடுத்த பெருங்காற்றில் அவையும் பெயர்கின்றன. இப்படி ஒரு கோடு அகலமாகி, பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து, கடைசியில் வெளி துண்டு துண்டாகிவிடுகிறது.

இரண்டாவது நங்கூரம். கொழுவி நிற்பதே அதன் வேலை. மண்ணில் கொழுவும்போது தண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது, தூக்கும்போது ஒரு பிடி வெளியைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. ஒரு சிறு படகின் நங்கூரம் ஒருநாள் செய்வது பெரிதல்ல. ஒரே துறையில் பல படகுகள் நாள்தோறும் போடும் நங்கூரம் பெரிது.

மூன்றாவது நிலையாகக் கட்டிவைக்கும் சங்கிலி. படகு காற்றுக்கேற்பத் திரும்பும்போது, அடியில் கிடக்கும் கனத்த சங்கிலி நங்கூரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணைத் தேய்க்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் தீவுத் துறைகளில் இப்படி உண்டான மொட்டை வட்டங்களை வானிலிருந்து எடுத்த படங்களிலேயே காணலாம். அந்த வட்டத்துக்குள் எதுவும் முளைப்பதில்லை, முளைப்பதற்குச் சங்கிலி விடுவதில்லை.

நான்காவது இழுவை மடி. மற்ற மூன்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. விசைப்படகின் பின்னால் இழுபடும் மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் உண்டு. மண்ணில் புதைந்திருக்கும் இறாலைக் கிளப்பிவிட வலையின் அடிக்கயிற்றில் சங்கிலி கட்டியிருக்கும். பலகை நிலத்தை உழுதுகொண்டு போகிறது, சங்கிலி வாரிக்கொண்டு போகிறது. உழவர் உழுவது விதைப்பதற்காக. இங்கே உழுத இடத்தில் யாரும் விதைப்பதில்லை, மறுநாள் வேறொரு படகு அதே இடத்தை மறுபடி உழுகிறது.

இந்த நான்குக்கும் பொதுவாக ஒரு பின்விளைவு உண்டு, அது கண்ணுக்கு எளிதில் படாதது. கிளம்பிய சேறு தண்ணீரில் நின்று வெளிச்சத்தை மறைக்கிறது. கடற்புல்லுக்கு மேற்பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்க வேண்டும். பல பாசிகளுக்கு அதில் மிகச் சிறு பங்கு போதும். தண்ணீர் தொடர்ந்து கலங்கியிருந்தால், இரும்பு தொடாத செடியும் வெளிச்சம் இல்லாமல் மெலிந்து சாகிறது. தெளிந்த நீரைத் தருவதே கடற்புல்தான். அதன் இலைகள் நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கின்றன, வேர்கள் அதைப் பிடித்துவைக்கின்றன. புல் குறைந்தால் கலங்கல் கூடும், கலங்கல் கூடினால் புல் மேலும் குறையும். ஓர் எல்லைக்குப் பிறகு இந்தச் சரிவு படகே வராவிட்டாலும் தானாக நடக்கும்.

பாக் விரிகுடாவில் என்ன நடந்தது

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதியின் ஆழம் 10 மீட்டரைச் சுற்றித்தான். வெளிச்சம் அடிவரை போகிறது, அலை அடக்கமாக இருக்கிறது, ஆற்று வண்டல் வந்து சேர்கிறது. கடற்புல்லுக்கு இதைவிட நல்ல இடம் இந்தியப் பெருநிலத்தின் கரையில் இல்லை. நூற்றாண்டுகளாக இங்கே ஓடியவை பாய்மர வத்தைகளும் வள்ளங்களும். அவற்றின் கீழே புல்வெளி நிம்மதியாக இருந்தது.

1950களில் கேரளக் கரையில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியபோது இந்திய மீன்பிடிப்பில் இயந்திரம் நுழைந்தது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் இழுவை மடி பரவியது. அரசு மானியம் கொடுத்தது, வங்கிகள் கடன் கொடுத்தன. ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று விசைப்படகுத் துறைகள் வளர்ந்தன. அன்று அது வளர்ச்சித் திட்டம். அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க அன்றைய திட்டத்தில் யாருக்கும் இடமில்லை.

விசைப்படகுக்காரரைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. அரசே ஊக்கப்படுத்திய தொழிலில் கடன்பட்டு இறங்கியவர்கள் அவர்கள். படகில் வேலைக்குப் போகும் கூலி மீனவர்களுக்கு அந்தப் படகைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. ஆனால் கணக்கு கணக்குதான். பாக் விரிகுடாவின் விசைப்படகுகள் தேடிப்போகும் இறால்களில் முக்கியமானது பீனியஸ் செமிசல்கேட்டஸ் என்ற வகை. அதன் குஞ்சுகள் வளர்வது கடற்புல்லில். வளர்ந்த இறாலைப் பிடிக்கும் மடி, அடுத்த ஆண்டின் இறால் வளர வேண்டிய இடத்தையே வாரி எடுத்துவிடுகிறது. வலையில் இறாலைவிடக் கூடுதலாக ஏறுவது சங்காயம் என்று சொல்லப்படும் பொடி மீன். கோழித்தீவன ஆலைக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும் அந்தக் குவியலில் வளர்ந்தால் நல்ல விலை போகக்கூடிய மீன்களின் குஞ்சுகளும் அறுந்த தாழையும் கலந்து கிடக்கின்றன.

யாருக்கு என்ன இழப்பு

முதல் இழப்பு நாட்டுப்படகு மீனவருக்கு. நண்டு வலை, கூடு, தூண்டில், சிறு செவுள் வலை என்று அவர்களுடைய தொழில் கரைக்கு அருகேதான். நீலக்கால் நண்டு பாக் விரிகுடா ஊர்களுக்குப் பெரிய வருமானம். நண்டுச்சதை வெளிநாட்டுக்குப் போகிறது, அதைப் பதப்படுத்தும் கூடங்களில் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். இளம் நண்டு ஒளிந்து வளர்வது கடற்புல்லில். ஓராவும் கணவாயும் புல்லைச் சார்ந்தவையே. இரவில் விரித்துவைத்த நண்டு வலைமேல் விசைப்படகு ஏறிப்போனால் அன்றைக்கு வலை போகிறது. புல்வெளி மேல் ஏறிப்போனால் வரும் ஆண்டுகளின் நண்டு போகிறது. முதல் இழப்புக்காவது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கதை. யாழ்ப்பாணம், மன்னார் மாவட்டத் தமிழ் மீனவர்கள் போர்க்காலம் முழுவதும் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். 2009க்குப் பிறகு வலையோடு திரும்பியவர்கள் தங்கள் கடலில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளைக் கண்டார்கள். வலைகள் அறுந்தன, கடலடி சிதைந்தது. இலங்கை 2017 ஜூலையில் தன் கடலில் அடிமட்ட இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. கைது, படகு பறிமுதல் என்று நாளிதழ்களில் வரும் செய்திகளை எல்லைத் தகராறாக மட்டும் படிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. தன் பக்கத்துக் கடலடி வறண்டதால்தான் படகு அந்தப் பக்கம் போகிறது என்பது அந்தச் செய்திகளில் வருவதில்லை.

அடுத்தது ஆவுளியா. கடல் பசு என்றும் அழைக்கப்படும் இந்தப் பாலூட்டி கடற்புல்லை மட்டுமே நம்பி வாழ்கிறது. வளர்ந்த ஒரு விலங்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். 70 ஆண்டுவரை வாழும். ஆனால் பெண் ஆவுளியா ஓராண்டுக்கும் மேல் சினை சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும், அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டு ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கின் கூட்டத்தில் ஆண்டுக்குச் சில சாவுகள் கூடுதலாக நேர்ந்தாலே எண்ணிக்கை இறங்கிவிடும். இந்தியாவில் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்று தமிழ்நாடு அரசு தன் அறிவிப்பில் குறிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழகக் கரையில் இருக்கின்றன. வலையில் சிக்கி மூச்சுமுட்டுவது, படகு மோதுவது, மேய இடமில்லாமல் போவது ஆகியவை அவற்றின் முக்கியமான எதிரிகள். மூன்றுக்கும் படகோடு தொடர்பு உண்டு.

மேய்ச்சல் நிலம் அழிந்தால் என்ன ஆகும் என்பதை ஆவுளியாவின் உறவான மனாட்டி காட்டிவிட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில் 2021ல் மட்டும் 1,100க்கும் மேற்பட்ட மனாட்டிகள் இறந்தன. இந்தியன் ரிவர் காயலில் கடற்புல் அழிந்து பல விலங்குகள் பட்டினியால் செத்ததே இதற்குப் பெரும் காரணம். அங்கே புல்லைக் கொன்றது படகு அல்ல. கழிவுநீரும் உரமும் சேர்ந்து பாசி பெருகியதால் தண்ணீர் இருண்டுபோனது. படகை மட்டும் நிறுத்திவிட்டுச் சாக்கடையைக் கடலுக்குள் விட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை என்பதும் அதில் அடக்கம்.

கரையில் குடியிருப்பவர்களுக்கும் இழப்பு உண்டு. புல்வெளி அலையின் வேகத்தைக் குறைக்கிறது, மணலைப் பிடித்துவைக்கிறது. வெளி போனால் அலை நேராகக் கரையில் அடிக்கும். நூற்றாண்டுகளாக மண்ணில் புதைந்திருந்த கரிமமும் கிளறிய இடங்களில் மீண்டும் வெளியேறுகிறது.

சட்டம் இருக்கிறது, கோடு தெரியவில்லை

கடற்புல்லைக் காக்கச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே கரையை ஒட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கி, விசைப்படகுகளை 3 கடல்மைலுக்கு அப்பால் அனுப்பியது. 2020ன் விதிகள் அதை 5 கடல்மைலாக்கின. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் ரெட்டைமடிக்குத் தடை உண்டு. பாக் விரிகுடாவில் மோதல்கள் முற்றியபோது, வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது, அது இன்றும் பேச்சில் இருக்கிறது. விசைப்படகு மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கடற்புல் வெளிகளை உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வெளி கிழிகிறது. கடலில் 5 கடல்மைல் என்பது கண்ணுக்குத் தெரியும் கோடு அல்ல என்பது ஒரு காரணம். ரோந்துப் படகுகள் குறைவு, நீளமான கரை முழுவதையும் அவற்றால் பார்க்க முடியாது. மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் முக்கியமானது. எல்லை கரையிலிருந்து தூரத்தை வைத்து வகுக்கப்பட்டிருக்கிறது, புல் இருக்கும் இடத்தை வைத்து வகுக்கப்படவில்லை. இவ்வளவு ஆழமற்ற கடலில் புல் தூரக்கோட்டைப் பார்த்து வளர்வதில்லை, வெளிச்சத்தைப் பார்த்து வளர்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த நல்ல தொடக்கம் ஆவுளியா பாதுகாப்பகம். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தது. இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அடிப்படை கடற்புல் வரைபடமே. அந்த எல்லைக்குள் சுமார் 12,250 ஹெக்டேரில் புல்வெளி இருப்பது கணக்கிடப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவின்படி அமைந்த காப்பகம் இது. தேசியப் பூங்காவைப் போல மக்களை வெளியேற்றுவது இதில் கிடையாது, மரபான மீன்பிடிப்பு தொடரலாம். நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தபோது கரையோர மக்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நீண்டகாலம் நீடித்த மனக்கசப்பை நினைத்தால், இந்த வடிவம் சரியான தேர்வு.

[பெட்டிச் செய்தி] ஆழமற்ற நீரில் படகு ஓட்டும்போது

தண்ணீர் வற்றும் நேரத்தில் புல்வெளியைக் குறுக்கே கடக்காமல் வழக்கமான கால்வாய் வழியே போவது நல்லது. படகின் பின்னால் தண்ணீர் கலங்கி வந்தால் புரொப்பல்லர் அடியைத் தொடுகிறது என்று பொருள், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். தரைதட்டிவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, புரொப்பல்லரைத் தூக்கிவிட்டு, கம்பால் ஊன்றியோ இறங்கித் தள்ளியோ ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இயந்திரத்தை முடுக்கி வெளியே வரப் பார்த்தால் புல்லும் போகும், தகடும் வளையும். நங்கூரத்தை வெள்ளை மணல் தெரியும் இடத்தில் போட வேண்டும். அதைத் தூக்கும்போது இழுத்துக்கொண்டே போகாமல், படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து செங்குத்தாகத் தூக்க வேண்டும்.

மற்ற கடல்களில்

புளோரிடாவில் இன்பப்படகுகள் மிகுதி, அவற்றை ஓட்டுவோரில் பலருக்குக் கடல் புதிது. 1990களில் நடந்த மாநிலம் தழுவிய கணக்கெடுப்பு, 1,73,000 ஏக்கருக்கும் மேற்பட்ட கடற்புல் வெளியில் புரொப்பல்லர் தடங்கள் இருப்பதைக் கண்டது. அங்குள்ள ஆமைப்புல் வகையில் ஒரு தடம் ஆறப் பத்தாண்டு வரை ஆகலாம். 2009ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மாநில நீர்க்காப்பகங்களில் கால்வாய்க்கு வெளியே கவனமில்லாமல் படகோட்டிக் கடற்புல்லைச் சிதைப்பது தண்டனைக்குரியது. தடங்களை ஆற்றவும் வழி கண்டிருக்கிறார்கள். ஆழமான தடத்தில் மண்மூட்டைகளை நிரப்பி, தண்ணீருக்கு மேலே தெரியும்படி கம்புகளை நடுகிறார்கள். கம்பில் வந்து உட்காரும் நீர்க்காகங்களின் எச்சம் கீழே விழுந்து புதிய செடிகளுக்கு உரமாகிறது.

மத்தியதரைக் கடலின் பொசிடோனியா மிக மெதுவாக வளரும் புல், பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நீளும். ஸ்பெயினின் பலியாரிக் தீவுகள் 2018ல் பொசிடோனியா மேல் நங்கூரம் போடுவதற்குத் தடை விதித்தன. தடையோடு நிற்காததுதான் அங்குள்ள சிறப்பு. எங்கே புல், எங்கே மணல் என்று படகோட்டி கைப்பேசியிலேயே பார்க்கும்படி வரைபடம் கொடுத்தார்கள். கட்டிநிற்க மிதவைகள் அமைத்தார்கள். கோடைக்காலத்தில் சிறு படகுகளில் ஊழியர்கள் சுற்றிவந்து, புல்மேல் நங்கூரம் போட்டவரை நகர்ந்து நிற்கச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டட்லேண்ட் வளைகுடா கடல் குதிரைகளின் இருப்பிடம். அங்கே 2021 இறுதியிலிருந்து தாமாக ஏற்கும் நங்கூரமில்லாப் பகுதி ஒன்று இருக்கிறது. மண்ணில் திருகி இறக்கிய ஆணியில் நீளும் தன்மையுள்ள கயிறு கட்டி, கயிறு தரையைத் தொடாமல் நிற்கும்படி மிதவைகளை அமைத்திருக்கிறார்கள். தேய்க்கும் சங்கிலி இல்லாததால் அதைச் சுற்றிப் புல் மீண்டும் வளர முடிகிறது.

இவற்றிலிருந்து பாக் விரிகுடாவுக்கு எதையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. அங்கே படகு பொழுதுபோக்கு, இங்கே சோறு. ஆனால் புல் இருக்கும் இடத்தைப் படகோட்டியின் கண்முன் கொண்டுவருவது, நங்கூரத்துக்கு மாற்றாக ஒன்றைக் கொடுத்துவிட்டு அதன்பின் தடைபோடுவது என்ற இரண்டும் எங்கும் பொருந்தும்.

பாக் விரிகுடாவில் செய்ய வேண்டியது

நடுவது பற்றி முதலில். ஓம்கார் அறக்கட்டளை பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டங்களில் தேங்காய் நார்க் கயிறு பின்னி, அதில் கடற்புல் தண்டுகளைக் கட்டி அடியில் பதித்து வருகிறது. மூங்கிலும் நாரும் மட்கிப் போகும், செடி வேர்பிடித்துப் பரவும். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவில் இதே நோக்கத்தோடு பல ஆண்டுகளாக உழைக்கிறது. மீனவர்களே இந்த நடவில் இறங்குவதால் புல்வெளிக்கு ஊரில் ஆதரவு பெருகுகிறது. ஆனால் நடவு மெதுவானது, கைவேலை மிகுந்தது. மூழ்கி வேலை செய்பவர்கள் ஒரு பருவம் முழுக்க நட்டதை ஒரு விசைப்படகு ஒரே இரவில் வாரிவிட முடியும். மடி வராது என்று உறுதியான இடத்தில்தான் நட வேண்டும். இழுவை தொடரும் இடத்தில் நடுவது பணத்தைக் கடலில் போடுவது.

அடுத்து அடையாளம். பாதுகாப்பகத்தின் எல்லையிலும், நன்றாக இருக்கும் வெளிகளின் ஓரத்திலும் மிதவைகள் வேண்டும். விசைப்படகுகளின் ஜி.பி.எஸ். கருவியில் புல்வெளி வரைபடத்தை ஏற்றிக் கொடுக்க வேண்டும். டோக்கன் கொடுக்கும் இடமே அதற்கு ஏற்ற இடம். துறையிலிருந்து ஆழக்கடலுக்குப் போய்வர ஒரே கால்வாயை எல்லாப் படகுகளும் பயன்படுத்தினால், ஒரு வழி மட்டும் கிழியும், மற்ற இடம் பிழைக்கும். நாட்டுப்படகுகள் கூடும் துறைகளில் சில நிலையான கட்டுமிதவைகள் போட்டால் அன்றாட நங்கூரக் காயம் குறையும். இவை எதற்கும் பெரிய செலவில்லை.

பெரிய செலவு பிடிப்பது மாற்றுத் தொழில். 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம், பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை விலக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவதை இலக்காகக் கொண்டது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, மீதி கடனும் மீனவரின் பங்கும். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இலக்கை நெருங்கக்கூட முடியவில்லை. காலையில் போய் மறுநாள் வீடு திரும்பும் தொழிலைச் செய்தவர், வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கித் தூண்டில் போடும் தொழிலுக்கு மாறுவது படகை மாற்றுவதைவிடக் கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும், டீசலுக்குக் கையில் பணம் வேண்டும், பிடித்த சூரையைக் கெடாமல் கொண்டுவரக் குளிர்வசதி வேண்டும், வாங்க ஆள் வேண்டும். படகுக்கு மானியம் கொடுத்துவிட்டு மற்றதை மீனவர் தலையில் விட்டதில் திட்டம் நின்றுபோனது. ஆழ்கடலுக்குப் போக விரும்பாதவருக்குப் படகைத் திரும்பக் கொடுத்துவிட்டு இழப்பீடு வாங்கிக்கொள்ளும் வழியும், அந்தப் படகில் கூலிக்குப் போனவருக்குத் தனியாக ஒரு தொகையும் இருந்தால் விலகுவோர் கூடுவார்கள். கூலி மீனவருக்கு எதுவும் கிடைக்காத ஏற்பாட்டை ஊர் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

காவல் வேலைக்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் நடத்திவரும் ஆவுளியா மீட்புத் திட்டத்தில் கடலோர மீனவர்களே தன்னார்வலர்கள். ஆவுளியாவைக் கண்டால் தகவல் கொடுக்கிறார்கள், வலையில் சிக்கியதை வலையை அறுத்துக் கடலில் விடுகிறார்கள். அறுத்த வலைக்கு ஈடாக வனத்துறை ஊக்கத்தொகை கொடுக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே கரையில் ஆவுளியா இறைச்சிக்காக வெட்டப்பட்டது. அதே ஊர்களில் இன்று அதை உயிரோடு விடும் வழக்கம் வந்திருப்பது, பலன் ஊருக்குள் வந்து சேர்ந்தால் பழக்கம் மாறும் என்பதற்குச் சான்று. இதே ஏற்பாட்டைப் புல்வெளிக்கும் நீட்டலாம். எந்த வெளியில் எந்த இரவு எந்தப் படகு மடி இழுத்தது என்பது நண்டு வலை போடுபவருக்குத் தெரியும். அவர் சொல்வதைப் பதிவுசெய்து நடவடிக்கை எடுக்கும் பொறுப்பைப் பாதுகாப்பகத்தின் நிர்வாகக் குழுவே ஏற்கலாம், அதில் அவருடைய ஊராட்சிக்கு இடம் இருக்கிறது. சொன்னவரின் பெயர் படகுத்துறையில் கசியாமல் பார்த்துக்கொள்வது வனத்துறையின் கடமை.